பாட்டுப் பட்டியலைப் பார்த்து ஆடியவள்

1

மலாக்கா டவுனில் நான் வேலை பார்க்கும் கடையில் சைக்கிளும் வானொலிப் பெட்டியும் விற்கிறோம். கிராமபோனும் இசைத்தட்டுகளும் வாடகைக்கு விடுகிறோம். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது, இதே கடைதான். முதலாளியின் தகப்பனார் நாகூரிலிருந்து வந்தவர். நான் நாகப்பட்டினம். அந்தப் பக்கத்து ஊர் உறவில் கிடைத்த வேலை இது.

வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் கிராமபோன் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. புதிதா, பழசா, சத்தம் தெளிவாக வருமா என்று ஒருவரும் கேட்கமாட்டார். "தட்டு என்னென்ன இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. போன மாதம் ஒருவர் புத்தம்புதுப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, மூடி உடைந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். அதோடு கொடுக்கும் இருபது தட்டில் அவருடைய மாமியாருக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருந்ததாம். திருப்பிக் கொண்டுவந்தபோது, மாமியாருக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். "சந்தோஷம்னு சொல்ல முடியாது சார். ஆனா திட்டலை" என்றார்.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாட்டுப் பட்டியல் எழுதி ஒட்டுவது என் வேலை. தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. என் மலாயைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் போவார்கள், அதனால் முதலாளி என்னைத் திருத்துவதில்லை.

மலாயாவில் சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று ஊர் நண்பர்கள் எழுதிக் கேட்கிறார்கள். மூன்றாம் வருஷச் சுதந்திர நாள் இப்போதுதான் முடிந்தது. கொடியேற்றத்தையும் ஊர்வலத்தையும் நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எங்கள் காஜா பெராங் திடலில் குழந்தைகளுக்கு நடந்த இசை நாற்காலிப் போட்டியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. அதை நான்தான் எழுதவேண்டும். என் மகள் அதில் ஆடினாள். அவளைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அந்தத் திடலில்தான் முடிவாயிற்று.

2

மகள் பெயர் கோமதி. பதினொரு வயது. மலாக்காவில் பிறந்தவள். முதல் மூன்று வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தாள், பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினேன். மாற்றியது நான்தான். பிற்பாடு நெஞ்சில் அடித்துக்கொண்டதும் நான்தான்.

என் அண்ணன் நாகப்பட்டினத்தில் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர். நான் அவருக்கு எழுதும் கடிதத்தில் 'பசாருக்குப் போனேன்' என்று வந்துவிட்டால், அடுத்த தபாலில் அந்தக் கடிதமே சிவப்பு மையில் 'சந்தை' என்று திருத்தப்பட்டுத் திரும்பி வரும். நாற்பது வயதில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் போன தீபாவளியை ஒட்டி முதல்முறை எழுதினார்: பெண்ணை இங்கே அனுப்பிவிடு, என் வீட்டிலிருந்து படிக்கட்டும், தமிழ்ப் பெண்ணாக வளரட்டும். நானும் என் மனைவி ராஜமும் அதைப் பற்றி நாலு நாள் பேசினோம். பிறகு மடித்து வைத்துவிட்டேன். ஒரே பெண். எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

ஆனால் அந்தத் தீபாவளிக்குப் பிறகு கோமதியின் வாயில் தமிழ் நின்றுபோயிற்று. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றே போயிற்று. என்ன கேட்டாலும் மூன்று பதில்தான். "தா மாவ்" என்றால் வேண்டாம். "நந்தி" என்றால் அப்புறம். "தா தவு" என்றால் தெரியாது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் மலாயில் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனாச்சியக்காவிடம் போய் மணிக்கணக்கில் அரட்டை அடிப்பாள்.

மீனாச்சியக்காவை இங்கே அறிமுகப்படுத்திவிடுகிறேன். நாங்கள் குடியிருப்பது அவருடைய வீட்டின் ஒரு பகுதியில். அவர் மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த வியாபாரிகளின் வம்சம். சாரோங்கும் கெபாயா சட்டையும் உடுத்துவார், நெற்றியில் திருநீறு பூசுவார், மாரியம்மனை விடமாட்டார். தமிழ் மட்டும் பேச வராது. அவர்கள் வீட்டு மொழி ஒருவகை மலாய். அதில் அம்மா, மாமா, தம்பி என்று சில தமிழ்ச் சொற்கள் மிதக்கும். அவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. தப்பாக எண்ணவேண்டாம், தங்கமான மனுஷி. ஆனால் என் பேத்தியும் என்னை 'தாத்தா' என்று கூப்பிட ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் மலாயில் பேசுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அண்ணன் மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை நான் சரி என்று எழுதிவிட்டேன். ராஜம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்புப் போட மறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை என்று நான் எழுதுவதற்கு அதுதான் அர்த்தம்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் வாங்கப் போனால், அது ஒரு தனிக் கதை. மகள் இந்நாட்டுப் பிரஜை, நான் இன்னும் இல்லை. என் பிரஜாவுரிமை மனு எங்கோ ஒரு மேசையில் தூங்குகிறது. பிரஜை அல்லாத தகப்பன், பிரஜையான மகளை வெளியே அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குச் சாட்சியாக இன்னொரு பிரஜை கையெழுத்துப் போட வேண்டும். மீனாச்சியக்காவைத்தான் கேட்டேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி உடைஞ்சிடுச்சு, அடுத்த வாரம்" என்று மலாயில் சொன்னார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த மலாய்க் குமாஸ்தா சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். 'பயணத்தின் காரணம்' என்ற இடத்தில் நான் 'படிப்பு' என்று எழுதியிருந்தேன். "ஏன், இங்கே பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் அதற்குப் பதில் இல்லை. தமிழிலும் இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பதிவேட்டில் குறித்துக்கொண்டு, சாட்சிக் கையெழுத்தோடு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

3

இனி நாற்காலிப் போட்டி. போன வருஷச் சுதந்திர நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே போட்டி வைத்தோம். தமிழ்த் தட்டு இரண்டு, மலாய்த் தட்டு இரண்டு, சீனத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன். குழந்தைகள் சந்தோஷமாக ஆடின. பெரியவர்கள்தான், எங்கள் பாட்டு கொஞ்ச நேரம், அவர்கள் பாட்டு அதிக நேரம் என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடாது என்று எவ்வளவோ சொன்னேன். ஏறினால்தானே!

அதனால் இந்த வருஷம் இரண்டு போட்டி. திடலின் கிழக்குக் கோடியில் மலாய்ப் பள்ளி யூசோப் வாத்தியார் மலாய்ப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் போட்டு நடத்துவார். மேற்குக் கோடியில் தமிழ் இளைஞர் சங்கம் தமிழ்ப் பாட்டுப் போட்டு நடத்தும். இரண்டும் ஒரே நேரத்தில். எந்தக் குழந்தையும் எதிலும் சேரலாம், ஆனால் ஒன்றில்தான் சேரலாம். தமிழ்ப் பக்கத்துக்குப் பெட்டியும் தட்டும் நான். சங்கச் செயலாளர் தங்கராசு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பொதுப்பணி இலாகாவில் வேலைக்கு வந்த பிள்ளை. நல்லவன், ஆனால் எதிலும் நியாயம் நியாயம் என்று பறப்பான்.

குழந்தைகள் முன்கூட்டியே யோசித்துச் சேரட்டும் என்று, இரண்டு பக்கமும் போடப்போகும் பாட்டுகளைக் கரும்பலகையில் எழுதிக் காப்பிக்கடை வாசலில் ஒரு வாரம் முன்பே சாய்த்து வைத்தோம். கடையில் பெரியவர்கள் செய்வதைத்தான் திடலில் சின்னவர்களும் செய்தார்கள். பரிசு என்ன, எத்தனை நாற்காலி, யார் நடத்துகிறார்கள் என்றெல்லாம் பிறகுதான். முதலில் பாட்டு. ஒரு சீனப் பெண் குழந்தை, "சிரிப்புப் பாட்டு இருக்கிற பக்கம்தான் வருவேன்" என்று அடம்பிடித்து எங்கள் பக்கம் பெயர் கொடுத்தது. இரண்டு தமிழ்ப் பையன்கள், தமிழ்ப் பட்டியலில் சோகப் பாட்டு அதிகம், அழுதுகொண்டே ஓடமுடியாது என்று கிழக்கே போய்விட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயார் செய்தவன் நான். எனக்கு அந்த மாதிரிப் பாட்டுதான் பிடிக்கும்.

தங்கராசுவுக்குக் கவலை. தமிழ்ப் பக்கம் ஆள் குறைந்தால் சங்கத்துக்கு அவமானம். "சார், மொதல்ல உங்க மவ பேரைக் குடுங்க. மத்ததுங்க தானா வரும்" என்றான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"தா மாவ்" என்றாள் கோமதி. வேண்டாமாம். யூசோப் வாத்தியார் பக்கம்தானாம்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. "போ, எங்கேயாவது போ. இன்னும் ரெண்டு மாசம்தானே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் மீனாச்சியக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

சுதந்திர நாளுக்கு முந்திய நாள் பரிசுகள் வந்தன. கிழக்குப் பக்கத்துக்கு ஒரு குடை. எங்கள் பக்கத்துக்கு நீதிக் கதைப் புத்தகம் கொடுப்பதாக இருந்தோம். ஆனால் விளையாட்டுச் சாமான் விற்கும் சீன வியாபாரி ஒருவர், சிரிப்புப் பாட்டுக் குழந்தையின் தாத்தா, ஒரு பேட்மிண்டன் மட்டையைக் காப்பிக்கடையில் கொண்டுவந்து வைத்தார். நல்ல மட்டை, உறை போட்டது. கோமதி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். கப்பலில் போகிறவளுக்கு மட்டை எதற்கு என்று நான் வாங்கிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது பார்த்தேன். கரும்பலகைக்கு முன்னால் கோமதி நின்றுகொண்டிருந்தாள். தமிழ்ப் பட்டியலின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். என்னைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டு எங்கோ பார்த்தாள். மட்டையைப் பார்க்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தங்கராசு வந்து, "சார், உங்க மவ நம்ம பக்கம் பேர் குடுத்துருச்சு" என்றான். மட்டை ஆசை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாதி சரி.

4

திடலில் வெயில் கொளுத்தியது. காப்பிக்கடையிலிருந்து மின்கம்பி இழுத்து, பெட்டியை ஒரு மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தில் கட்டினோம். பன்னிரண்டு குழந்தைகள், பதினொரு நாற்காலி. நடுவர் மீனாச்சியக்கா. தமிழ் தெரியாதவர், ஆகவே யாருக்கும் சாதகம் செய்யமாட்டார் என்பது தங்கராசுவின் நியாயம். நான் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் அவன் நியாயம்தான். நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, காப்பிக்கடையைப் பார்த்து உட்கார்ந்தேன். பாட்டைப் போடவேண்டும், நினைத்தபோது தட்டிலிருந்து முள்ளைத் தூக்க வேண்டும். பாட்டு நின்றதும் குழந்தைகள் உட்காரும். இடம் கிடைக்காதது வெளியேறும். அவ்வளவுதான் வேலை.

முதல் பாட்டு ஓடக்காரன் பாட்டு. முள்ளைத் தூக்கினேன். நாற்காலிகள் சரசரத்தன. ஒரு பையன் வெளியே என்று தங்கராசு கூவினான். இரண்டாவது தாலாட்டு. ஒரு பெண் வெளியே. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆறேழு சுற்றுப் போனபின் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிரிப்பு இல்லை, வேறு மாதிரி. எட்டாவது சுற்றில் தங்கராசு என் தோளைத் தொட்டான்.

"சார், கொஞ்சம் நிப்பாட்டுங்க."

திரும்பினேன். நாலு குழந்தைகள் பாக்கி. கோமதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மூச்சுக்கூட வாங்கவில்லை.

"உங்க மவ ஓடவே இல்லை சார். எல்லாம் சுத்திச் சுத்தி ஓடுதுங்க. இது மெதுவா நடக்குது. நீங்க முள்ளை எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு நாற்காலிக்கு முன்னாடி வந்து நின்னுக்குது. ஒவ்வொரு தடவையும். எல்லாரும் பாத்துட்டாங்க."

"அதற்கு நான் என்ன செய்ய?"

"நீங்க தலையை ஆட்டுறீங்க சார். அது ஜாடைனு சொல்றாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பாட்டுக் கேட்டால் தலையாட்டுவது என் பழக்கம். பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன். ஒரு தட்டு கீறலாக இருந்தால் வாடகைக்கு வருகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறவன் நான். "ஒரு பேட்மிண்டன் மட்டைக்காக நான் திருட்டுத்தனம் பண்ணுவேனா?" என்று கத்தினேன். கத்தினதால் என்ன பயன்? கூட்டம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. கிழக்குப் பக்கத்துக் கூட்டமும் பாட்டை நிறுத்திவிட்டு இங்கே வந்து நின்றது. நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் கடை வாடிக்கையாளர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தங்கராசு குனிந்து கோமதியிடம் கேட்டான். "பாப்பா, பயப்படாம சொல்லு. அப்பா ஜாடை காட்டினாரா?"

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் நின்ற அவள் அம்மாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தா தவு" என்று சொல்லப்போகிறாள், என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்பா ஏமாத்தலை!"

தமிழில். திடல் முழுக்கக் கேட்கிற குரலில்.

"அப்பாவுக்கு ஏமாத்தவே வராது. அவரு வரி முடியாம முள்ளை எடுக்க மாட்டாரு, அவ்ளோதான்! பாட்டைப் பாதியில வெட்ட அவருக்கு மனசு வராது. பல்லவி ரெண்டாம் தடவை பாடி முடிச்சதும் எடுப்பாரு. இல்லாட்டி, சரணம் முடிஞ்சு பாடுற பொம்பளை மூச்சு விடுற எடத்துல எடுப்பாரு. வேற எங்கயும் எடுக்க மாட்டாரு. வீட்டுலயும் அப்படித்தான். என்னைத் திட்டணும்னு எழுந்தாக்கூட வரி முடியுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாரு. அதுக்குள்ள நான் பின்பக்கம் ஓடிருவேன். அதுனால எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். எந்த வரி எங்க முடியும்னு தெரியும். போர்டுல பாத்தேன், பத்துப் பாட்டும் வீட்டுல உள்ள பாட்டு. அதான் இந்தப் பக்கம் பேர் குடுத்தேன். இது ஏமாத்துறதா?"

சொல்லிவிட்டு, தாலாட்டின் கடைசி வரியைப் பாடிக் காட்டி, "இங்க எடுத்தாரு" என்றாள். ஓடக்காரன் பாட்டில் ஒரு வரியைப் பாடி, "இங்க" என்றாள். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கே தெரியாது நான் அப்படிச் செய்கிறேன் என்று.

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! திட்ட எழுந்தவன் வரி முடியக் காத்திருக்கும் கதையை யாரோ மலாயில் சொல்ல, யூசோப் வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீனாச்சியக்கா மட்டும் சிரிக்காமல், இது எனக்குத் தெரியாதா என்கிற முகத்தோடு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானும் பல வருஷமாகக் கேட்பதாகவும், தம்பி ஒரு தட்டைக்கூட நடுவில் நிறுத்தியதில்லை என்றும் மலாயில் சாட்சி சொன்னார். இந்தச் சாட்சிக்கு மட்டும் கண்ணாடி உடையவில்லை.

தங்கராசு என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மீதிச் சுற்றுக்கு மீனாச்சியக்கா முள்ளைத் தூக்கட்டும் என்றான். அவருக்குத் தமிழ் வரியெல்லாம் ஒன்றுதான். கடைசிச் சுற்றில் கோமதியும் தங்கராசுவின் அண்ணன் மகனும் இருந்தார்கள். அருமையான பாட்டு. மீனாச்சியக்கா ஒரு சொல்லின் நடுவில் முள்ளை வெடுக்கென்று பிடுங்கினார். கோமதி இன்னும் வரி முடியவில்லையே என்று நடந்துகொண்டிருந்தாள். பையன் உட்கார்ந்துவிட்டான். மட்டை அவனுக்குப் போயிற்று.

5

வீட்டுக்கு வந்ததும் கோமதி கதவோரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மட்டை போனதுக்கு அழுகிறாள் என்று நினைத்து, "விடும்மா, வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"எனக்கு மட்டை வேணாம்."

"பின்னே என்ன?"

"தமிழ்ல பேசிட்டேன்ல. இனிமே என்னைக் கப்பல்ல ஏத்திருவீங்க."

நானும் ராஜமும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினோம். போன தீபாவளிக்கு அண்ணன் கடிதம் வந்து நாங்கள் பேசினோமே, அப்போது ராஜம், "தமிழ் நல்லாப் பேசுறாளே, அங்க போனாலும் சமாளிச்சுக்குவா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். ராஜத்துக்கே அது நினைவில்லை. கோமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். தமிழ் பேசுகிற பெண்ணைத்தான் அனுப்புவார்கள், பேசாவிட்டால் தமிழாசிரியர் வீட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து வாயைக் கட்டிவிட்டாள். இந்தக் கணக்கு ஒருவருக்கு மட்டும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற, கண்ணாடி உடைந்துபோன மீனாச்சியக்காவுக்கு.

"நீ தமிழ் பேசவில்லை என்றுதானே உன்னை அனுப்ப முடிவு பண்ணினேன்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். "அப்ப, பேசியிருந்தா?"

"அனுப்பியிருக்க மாட்டேன்."

"அப்பா!" என்றாள். அதில் இருந்த கோபத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு கோமதி பேச ஆரம்பித்தாள். பத்து மாதத் தமிழ் உள்ளே கிடந்திருக்கிறது போலும். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த ஆசிரியை ஓரவஞ்சனை செய்கிறார், எந்த மாதம் எந்தச் சட்டை அவளுக்குக் கையில் இறுக்கிப் பிடித்தது, அதைச் சொல்ல முடியாமல் எப்படிப் போட்டுக்கொண்டு போனாள், ராஜம் வைக்கிற ரசம் எத்தனை நாள் புளித்திருந்தது, எனக்குத் தெரிந்த சோகப் பாட்டுகளைத் தவிர உலகத்தில் வேறு பாட்டே கிடையாதா என்று, அடுக்கிக்கொண்டே போனாள். எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துத் திட்டினாள். அவ்வளவு நல்ல தமிழில் என்னை யாரும் திட்டி நாளாயிற்று. பன்னிரண்டு வருஷ மலாயா வாழ்க்கையில் அன்று சாயங்காலத்தைப் போல எனக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது. என் பிள்ளையின் சட்டை இறுக்கியது இத்தனை மாதம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பேச்சு தமிழிலா மலாயிலா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

6

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் குமாஸ்தாவே இருந்தார். விண்ணப்பத்தை மேசைமேல் வைத்து, இனி இது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அரைகுறை மலாயில், "இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ரத்து செய்வதற்கும் ஒரு படிவம் உண்டு என்று எடுத்துக் கொடுத்தார். அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். மீனாச்சியக்கா அடுப்பிலிருந்த சட்டியைக்கூட இறக்காமல் வந்து போட்டார்.

அண்ணனுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று தடவை ஆரம்பித்தேன். பெரியவர் பேச்சை மீறுவது ஒருபக்கம். இத்தனை பெரிய முட்டாள்தனத்தை அவரிடம் ஒப்புக்கொள்வது இன்னொரு பக்கம். நான் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருப்பதைக் கோமதி பார்த்தாள். "குடுங்க, நான் எழுதுறேன். என் சமாச்சாரம்தானே" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன். அண்ணன் இதைப் படிக்கும்போது அந்தத் தபாலும் கிடைத்திருக்கும்.

"அன்புள்ள பெரியப்பாவுக்கு, கோமதி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் பெரியம்மாவும் சுகமா? எனக்குத் தமிழ் தெரியும். அதனால் நான் அங்கே வரவில்லை. தமிழ் தெரியாமல் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் இங்கே வந்தால் நான் உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். அம்மா உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுதப் படிக்கிறார். அப்பா அழவில்லை என்று எழுதச் சொல்கிறார்."